பென்சில் டப்பாவில் கிடந்த சீட்டு: ஒரு நடுநிலைப் பள்ளியின் மருத்துவப் பரிசோதனையும் அதற்குப் பிந்தைய ஓராண்டும்

“போன வருஷமே எழுதிக் கொடுத்தேனே டீச்சர், கூட்டிட்டுப் போகலையா?” என்று டாக்டர் கேட்டபோது எனக்குப் பதில் தெரியவில்லை. பையனின் மார்பிலிருந்து ஸ்டெதஸ்கோப்பை எடுக்காமலேயே கேட்டார். ஐந்தாம் வகுப்புப் பையன். எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு வகுப்பறைக்கு ஓடினான். பென்சில் டப்பாவோடு திரும்பி வந்தான். உடைந்த ஸ்கேல், தேய்ந்த ரப்பர், இரண்டு புளியங்கொட்டை, அவற்றுக்கு அடியில் எட்டாக மடித்த ஒரு காகிதம். முந்தைய ஆண்டுத் தேதியிட்ட பரிந்துரைச் சீட்டு.

“பத்திரமா வெச்சிருக்கேன் டீச்சர்” என்றான்.

பள்ளிப் பதிவேட்டைப் புரட்டினேன். அவன் பெயருக்கு நேரே ‘மேல்சிகிச்சைக்குப் பரிந்துரைக்கப்பட்டது’ என்று என் கையெழுத்திலேயே இருந்தது. பரிசோதனை நடந்திருக்கிறது. குறையைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். சீட்டு கொடுத்திருக்கிறார்கள். பதிவேட்டில் ஏறியிருக்கிறது. பிள்ளைக்கு மட்டும் எதுவும் நடக்கவில்லை. ஒரு வருஷம் அப்படியே போயிருக்கிறது.

அன்று மாலையே ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினேன். அந்த ஆண்டு எங்கள் பள்ளியில் கொடுக்கப்பட்ட ஒவ்வொரு சீட்டும் எங்கே போகிறது, எங்கே நிற்கிறது என்று குறித்துவைக்க ஆரம்பித்தேன். இது அந்த நோட்டிலிருந்து எழுதியது. வட மாவட்டம் ஒன்றில் மலையடிவாரத்து அரசு நடுநிலைப் பள்ளி எங்களுடையது. பிள்ளைகளின் பெயரையோ ஊரையோ இங்கே எழுதவில்லை.

திட்டம் சொல்வது

பள்ளிக்கு வரும் மருத்துவக் குழுவை ஊரில் ‘ஆர்.பி.எஸ்.கே. டீம்’ என்றுதான் சொல்கிறோம். ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்திய காரியக்ரம் என்ற தேசியத் திட்டம் 2013 பிப்ரவரியில் தொடங்கியது. பிறந்தது முதல் 18 வயது வரை உள்ள பிள்ளைகளிடம் பிறவிக் குறைபாடு, சத்துக் குறைவு, நோய், வளர்ச்சித் தாமதம் ஆகிய நான்கு வகைகளில் 30 பிரச்சினைகளைத் தேடுவது அதன் வேலை. அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இரண்டு முறையும் பள்ளிக்கு ஒரு முறையும் குழு வர வேண்டும். சிறியதை அங்கேயே பார்த்து மருந்து கொடுப்பார்கள். பெரியதென்றால் ஆரம்ப சுகாதார நிலையம், அதற்கு மேல் மாவட்ட அளவில் டி.இ.ஐ.சி. எனப்படும் ஆரம்பநிலை இடையீட்டு மையம், அதற்கும் மேல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. சிகிச்சைக்குக் காசு கிடையாது.

காகிதத்தில் நல்ல திட்டம். நேரில் பார்த்தும் சொல்கிறேன், நல்ல திட்டம்தான். இந்தியாவில் பள்ளிப் பிள்ளைகளை மருத்துவர் பார்க்கும் வழக்கம் 1909-ல் பரோடா நகரத்தில் தொடங்கியது. 1946-ல் சர் ஜோசப் போர் (Bhore) தலைமையிலான சுகாதார ஆய்வுக் குழு தன் அறிக்கையைக் கொடுத்தபோது, நாட்டில் பள்ளி மருத்துவ சேவை என்று சொல்லும்படி அநேகமாக எதுவுமே இல்லை என்றுதான் எழுத வேண்டியிருந்தது. அந்த நிலையிலிருந்து, மலையடிவாரத்தில் கடைசி பஸ் நிறுத்தம் வரை ஒரு டாக்டர் வேனில் வந்து இறங்கும் நிலைக்கு வந்திருக்கிறோம். அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனசில்லை.

அந்த ஒரு நாள்

பள்ளியில் ஏறத்தாழ 180 பிள்ளைகள். காலை பத்துக்கு வேன் வந்தால் மாலை நான்கு மணிக்குக் கிளம்பும். சாப்பாட்டு நேரம் போக ஐந்து மணி நேரம். வகுத்துப் பார்த்தால் ஒரு பிள்ளைக்கு இரண்டு நிமிடம்கூட வராது. அதற்குள் கண், காது, பல், தோல், இமையின் உள்பக்கம் வெளுத்திருக்கிறதா, நெஞ்சு, வயிறு எல்லாம் பார்த்தாக வேண்டும்.

அந்த இரண்டு நிமிடத்தை எங்கே செலவழிக்க விடுகிறோம் என்பது பள்ளியின் கையில் இருக்கிறது. இது எனக்குத் தாமதமாகத்தான் புரிந்தது. முன்பெல்லாம் உயரமும் எடையும் அன்றைக்கே எடுப்போம். பாதி நேரம் தராசுக்கு முன்னால் வரிசை நின்றே போய்விடும். இப்போது அதை முந்தைய வாரமே உடற்கல்வி சாரும் நானும் முடித்துவிடுகிறோம். எடையைச் சத்தமாகப் படிப்பதையும் நிறுத்திவிட்டோம். “இருபத்தி ரெண்டு கிலோ!” என்று நான் கூவ, மற்றவர் எழுத, அடுத்த ஒரு மாதம் அந்தப் பிள்ளைக்கு ‘கொசு’ என்று பட்டப்பெயர். நாங்களே ஒட்டிவிட்ட பெயர் அது.

அப்புறம் சத்தம். டாக்டருக்கு வராண்டாவில் மேசை போட்டுக் கொடுத்திருந்தோம். பக்கத்தில் இரண்டாம் வகுப்பு வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருக்கும். அந்த இரைச்சலில் இதயத்தின் சன்னமான ஓசையைக் கேட்கச் சொல்கிறோம். இந்த முறை டாக்டரே எழுந்து பள்ளியைச் சுற்றிப் பார்த்தார். சத்துணவு ஸ்டோர் ரூமைக் காட்டி, “இங்க உக்காரலாமா?” என்றார். அரிசி மூட்டைகளுக்கு நடுவே ஒரு பெஞ்ச், ஒரு ஜன்னல், மூடிக்கொள்ளக் கதவு. சத்துணவு அமைப்பாளர் அக்கா பருப்பு டின்களை ஓரமாகத் தள்ளிக்கொடுத்தார். ஐந்தாம் வகுப்புப் பையனின் நெஞ்சில் அந்த ஓசையை இரண்டாவது முறை அவர் கேட்டது அங்கேதான். முந்தைய ஆண்டு வராண்டாவின் இரைச்சலிலும் அது அவர் காதுக்குத் தப்பவில்லை என்பதை நினைத்தால் அவர் மேல் மரியாதை கூடுகிறது.

பெரிய வகுப்புப் பெண் பிள்ளைகளை நர்ஸ் தனி அறையில் பார்த்தார். என்னைவிட அவரிடம் அவர்கள் அதிகம் பேசினார்கள்.

மனப்பாடமான அட்டை

கண் பார்வையை முதலில் ஆசிரியர்கள்தான் சோதிக்கிறோம். ஆங்கில ‘ஈ’ எழுத்து வெவ்வேறு பக்கம் திரும்பியிருக்கும் அட்டையைச் சுவரில் மாட்டி, ஆறு மீட்டர் தள்ளிப் பிள்ளையை நிற்கவைத்து, ஒரு கண்ணை மூடச் சொல்லி, கால்கள் எந்தப் பக்கம் என்று விரலால் காட்டச் சொல்ல வேண்டும். எழுத்தே தெரியாத குழந்தைக்கும் இது போதும். தடுமாறும் பிள்ளையைக் கண் மருத்துவ உதவியாளர் திரும்பப் பார்ப்பார். தேவைப்பட்டால் அரசே கண்ணாடி கொடுக்கும். தமிழ்நாட்டில் 2009-ல் கொண்டுவந்த கண்ணொளி காப்போம் திட்டம் இதற்காகத்தான்.

ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி மூன்று ஆண்டுகளாக இந்தச் சோதனையில் ‘சரி’ வாங்கியிருந்தாள். படிப்பில் பின்தங்கியவள் என்று நாங்கள் ஒதுக்கிவைத்திருந்த பெண். கரும்பலகையில் இருப்பதைப் பக்கத்தில் இருப்பவளின் நோட்டைப் பார்த்துத்தான் எழுதுவாள். ‘காப்பி அடிக்கிறாள்’ என்று அவளை முதல் வரிசையிலிருந்து கடைசிக்கு மாற்றிய ஆசிரியர்களில் நானும் ஒருத்தி.

அந்த ஆண்டு ஏதோ ஒரு வேலையாக அட்டையைக் கழற்றிவிட்டு மறுபடி மாட்டியபோது தலைகீழாக மாட்டிவிட்டேன். மேல் கீழாகவும் கீழ் மேலாகவும் ஆகிவிட்டது. அவள் முறை வந்தது. சிறிய வரிசைகளில் டக் டக்கென்று விரலைக் காட்டினாள். காட்டியது அத்தனையும் தப்பு. பழைய அட்டைக்கு அத்தனையும் சரி. வரிசையில் பின்னால் நின்றபடி முன்னால் இருபது பேர் காட்டுவதைப் பார்த்து அப்படியே மனப்பாடம் செய்திருக்கிறாள். படிப்பு வராத பெண் என்று நாங்கள் எழுதிவைத்திருந்தவளின் நினைவாற்றல் அது.

தனியாகக் கூப்பிட்டுப் பார்த்ததில் 6/24. சரியான பார்வை உள்ளவர் 24 மீட்டரிலிருந்து பார்க்கிற எழுத்தை இவள் ஆறு மீட்டருக்கு வந்தால்தான் பார்க்க முடியும். அதற்குப் பிறகு எங்கள் பள்ளியில் கண் சோதனை வரிசையில் நடப்பதில்லை. அட்டையை அறைக்குள் மாட்டி, கதவைச் சாத்தி, ஒவ்வொருவராகக் கூப்பிடுகிறோம். பத்துப் பேருக்கு ஒருமுறை அட்டையைத் திருப்புகிறோம். இரண்டு மதியவேளை கூடுதலாக ஆகிறது. ஆகட்டும்.

கண்ணாடி வர சில வாரம் ஆனது. வந்த அன்று போட்டுக்கொண்டு வேப்ப மரத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். மறுநாள் வெறும் கண்ணோடு வந்தாள். கேட்டால் தலையைக் குனிந்துகொண்டாள். மாலையில் வீட்டுக்குப் போனேன். அம்மா அப்பா பெங்களூரில் கட்டட வேலை. பிள்ளை ஆயாவிடம் வளர்கிறது. ஆயா தெளிவாகச் சொன்னார்: “பொட்டப் புள்ள டீச்சரம்மா. இப்பவே கண்ணாடி போட்டா நாளைக்கு எவன் வந்து கேப்பான்? கண்ணு அவிஞ்ச புள்ளன்னு சொல்லிப்புடுவாங்க.”

நான் கண் நரம்பு, படிப்பு, எதிர்காலம் என்று ஏதேதோ பேசினேன். ஆயாவின் முகம் மாறவே இல்லை. அப்போது ரேஷன் கடையில் வாங்கிய பச்சரிசியை முறத்தில் போட்டு ஆயா கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். அவருக்குக் கண்புரை அறுவை சிகிச்சை ஆகி நான்கு வருஷம். முறத்தை வாங்கிப் பேத்தியிடம் கொடுத்தேன். கண்ணாடி இல்லாமல் முகத்தருகே தூக்கிப் பிடித்துக்கொண்டுதான் அவளால் பொறுக்க முடிந்தது. ஆயா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். “எனக்கு ஆப்பரேசனுக்கு மின்ன இப்பிடித்தான் இருந்துச்சு” என்றார். அப்புறம் உள்ளே போய்த் தகரப் பெட்டியைத் திறந்து, சேலை மடிப்புக்குள் வைத்திருந்த கண்ணாடியை எடுத்து வந்து அவரே போட்டுவிட்டார்.

கண்ணாடியைக் கொடுத்ததோடு கணக்கை முடித்திருந்தால் அது அந்தத் தகரப் பெட்டியில்தான் இருந்திருக்கும். எங்கள் பதிவேட்டிலோ ‘வழங்கப்பட்டது’ என்று இருந்திருக்கும்.

நியூயார்க்கில் ஒரு மாதம்

நியூயார்க் பள்ளிகளின் பழைய கதை ஒன்றைப் படித்தபோது எனக்கு ஆறுதலாக இருந்தது, கோபமும் வந்தது. நாங்கள் முட்டி மோதிக் கண்டுபிடித்ததை நூற்றிருபது ஆண்டுக்கு முன்பே ஒரு ஊர் கண்டுபிடித்திருக்கிறது.

நியூயார்க் நகரப் பள்ளிகளில் 1897 முதல் மருத்துவ ஆய்வாளர்கள் வந்து பிள்ளைகளைப் பார்த்தார்கள். டிரக்கோமா என்ற கண் தொற்று, பேன், படர்தாமரை, சிரங்கு என்று எது தெரிந்தாலும் ஒரு அட்டையைக் கையில் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். குடியேறி வந்த ஏழைப் பெற்றோர் பலருக்கு அதில் எழுதியிருந்தது புரியவில்லை. வைத்தியம் நடக்கவில்லை. பிள்ளை பள்ளிக்கு வெளியே வாரக்கணக்கில் திரிந்தது. மாலையில் பள்ளி விட்டதும் அதே வகுப்புப் பிள்ளைகளோடு தெருவில் விளையாடியது. தொற்றும் நிற்கவில்லை, படிப்பும் போனது.

அங்கே ஏழைகளின் குடியிருப்பில் செவிலியர்களோடு தங்கி வேலை செய்துவந்த லில்லியன் வால்ட், ஒரு செவிலியரைப் பள்ளிக்கு அனுப்பிப் பார்க்கலாம் என்று நகர நிர்வாகத்திடம் கேட்டார். 1902 அக்டோபரில் லினா ரோஜர்ஸ் என்ற செவிலியர் நான்கு பள்ளிகளில் ஒரு மாதம் வேலை செய்தார். சின்னப் புண்ணுக்குப் பள்ளியிலேயே மருந்து போட்டுப் பிள்ளையை வகுப்புக்கு அனுப்பினார். வராத பிள்ளையின் வீட்டுக்குப் போய்த் தாய்க்கு எப்படி மருந்து போடுவது என்று காட்டிக் கொடுத்தார். அந்த ஒரு மாதத்தில் 137 வீடுகளுக்குப் போயிருக்கிறார். நகரம் உடனே மேலும் செவிலியர்களை நியமித்தது. 1902 செப்டம்பரில் நோய் காரணமாகப் பள்ளியிலிருந்து அனுப்பப்பட்ட பிள்ளைகள் 10,567. அடுத்த ஆண்டு செப்டம்பரில் 1,101.

கூடுதலாக டாக்டரோ புது மருந்தோ வந்ததால் குறைந்த எண்ணிக்கை இல்லை இது. சீட்டுக்குப் பின்னால் நடந்துபோக ஒரு ஆள் வந்தார், அவ்வளவுதான்.

அதே நகரத்தில் 1906 ஜூனில் இன்னொன்றும் நடந்தது. மூக்குக்குப் பின்னால் வளர்ந்திருக்கும் அடினாய்டு சதையைப் பள்ளியிலேயே வைத்து அறுவை செய்தார்கள். பெற்றோரிடம் ஒப்புதல் கையெழுத்து வாங்கப்பட்டிருந்தது. ஆனால் எதற்குக் கையெழுத்துப் போட்டோம் என்பது பல தாய்மாருக்குத் தெரியாது. டாக்டர்கள் பிள்ளைகளின் கழுத்தை அறுக்கிறார்கள் என்று வதந்தி கிளம்பியது. ரஷ்யாவில் யூதர்கள் கொல்லப்பட்ட செய்தி வந்துகொண்டிருந்த நேரம் அது. ஆயிரக்கணக்கான யூதத் தாய்மார் பள்ளிகளை முற்றுகையிட்டுக் கதவுகளை உடைத்தார்கள். அறியாமை என்று ஒதுக்க எனக்கு வாய் வரவில்லை. 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் தட்டம்மை ரூபெல்லா தடுப்பூசி முகாம் தொடங்கியபோது வாட்ஸ்அப் வதந்தியால் எத்தனை பெற்றோர் பிள்ளையை அன்றைக்குப் பள்ளிக்கே அனுப்பவில்லை என்பதைப் பார்த்தவள் நான். முன்கூட்டி உட்கார்ந்து பேசாமல் காகிதத்தை நீட்டினால் எந்த ஊரிலும் இதுதான் நடக்கும்.

சீட்டு போன வழி

சரி, ஐந்தாம் வகுப்புப் பையனுக்கு வருகிறேன்.

பிள்ளைகளின் இதயத்தில் கேட்கும் கூடுதல் ஓசையை மருத்துவர்கள் ‘மர்மர்’ என்கிறார்கள். வளரும் வயதில் பல பிள்ளைகளுக்கு அது கேட்கும், பெரும்பாலும் தீங்கில்லாதது. எது தீங்கில்லாதது, எது தீங்கானது என்பதை எக்கோ எனப்படும் இதய ஸ்கேன் எடுத்தால்தான் உறுதியாகச் சொல்ல முடியும். சீட்டில் அதைத்தான் ஆங்கிலத்தில் இரண்டு வரியில் எழுதியிருந்தார்கள்.

அப்பா திருப்பூர் பனியன் கம்பெனியில். அம்மா கிடைத்த கூலி வேலைக்குப் போகிறவர். முந்தைய ஆண்டு சீட்டைப் பையன் அம்மாவிடம் காட்டியிருக்கிறான். அவர் அதைப் பக்கத்து வீட்டுக் கல்லூரிப் பையனிடம் கொடுத்துக் கேட்டிருக்கிறார். “ஹார்ட்டுல ஏதோ சத்தமாம்” என்று அவன் சொல்லியிருக்கிறான். அவ்வளவுதான், பயம் வந்துவிட்டது. “நல்லா ஓடுறான், ஆடுறான். நல்லா இருக்கற புள்ளய எதுக்கு டீச்சர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோறது? போனா எதாச்சும் சொல்லிப்புடுவாங்க.” மறுபடி மடித்துப் பையனிடமே கொடுத்துவிட்டார். அவன் டப்பாவில் வைத்துக்கொண்டான்.

அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. மாவட்டத் தலைநகர் போய்வர ஒரு நாள் முழுசாக வேண்டும். அன்றைய கூலி போகும். எங்கள் ஊர் டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை, ஆனால் தலைநகர் வரை போகும் பஸ்ஸில் டிக்கெட் உண்டு. போனால் எந்தக் கட்டடம், எந்த அறை, யாரைப் பார்க்க வேண்டும் என்று சீட்டில் எதுவும் இல்லை. போய் அலைந்துவிட்டுத் திரும்பிய பக்கத்து வீட்டுக் கதைகள் மட்டும் நிறைய இருக்கின்றன.

இந்த முறை மூன்று விஷயம் மாறியது. டீம் டாக்டர் அங்கேயே டி.இ.ஐ.சி.க்குப் போன் செய்து ஒரு தேதி வாங்கினார். அந்தச் சீட்டின் பின்பக்கத்தில் தமிழில் நான் எழுதினேன்: என்ன சோதனை, ஊசி கிடையாது, வலிக்காது, காசு இல்லை, எந்த வாசல், யாரைக் கேட்க வேண்டும், என்னென்ன எடுத்துவர வேண்டும். மூன்றாவது, நானும் கூடப் போனேன். தலைமை ஆசிரியர் ஒரு நாள் விட்டுக்கொடுத்தார்.

எக்கோ அறையில் டாக்டர் திரையைப் பையன் பக்கம் திருப்பி, “பாரு, இதுதான் உன் ஹார்ட்டு” என்று காட்டினார். மேலறைகள் இரண்டுக்கும் நடுவே இருக்கும் சுவரில் ஓட்டை. பிறவியிலேயே இருப்பது. சின்ன வயதில் பிள்ளை ஓடும் ஆடும், அடிக்கடி சளி பிடிக்கும், எடை ஏறாது, அவ்வளவுதான் தெரியும். விட்டுவிட்டால் நுரையீரலுக்குப் போகிற ரத்தத்தின் அழுத்தம் பல வருஷத்தில் மெல்ல ஏறி, முப்பது நாற்பது வயதில் சரிசெய்ய முடியாத இடத்துக்குப் போகலாம். இப்போதே அடைத்துவிட்டால் மற்ற பிள்ளைகளைப் போல இருப்பான். அந்த அம்மா கேட்டது ஒரே கேள்வி: “நெஞ்ச அறுப்பீங்களா சார்?” இவனுக்கு அது தேவைப்படாது, தொடை ரத்தக் குழாய் வழியாகக் கம்பி செலுத்திக் குடை மாதிரி ஒரு சாதனத்தால் அடைத்துவிடலாம் என்று டாக்டர் பொறுமையாகப் படம் போட்டுக் காட்டினார்.

இதற்கு மேல் மருத்துவம் வேகமாகத்தான் இருந்தது. இழுத்தது காகிதம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டில் இதற்கு இடமுண்டு. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும், அதற்கு வி.ஏ.ஓ.விடம் சான்று. குடும்ப அட்டை வேண்டும். அட்டையை எடுத்துப் பார்த்தால் அதில் பையன் பெயரே இல்லை. பிறந்து பத்து வருஷமாகியும் சேர்க்கவில்லை. சேர்க்க ஆதார் வேண்டும். ஆதாரில் அப்பா பெயரின் முதலெழுத்து மாறியிருந்தது. அதைத் திருத்த, பிறப்புச் சான்று. அந்த அம்மா ஒவ்வொரு படியாக ஏறி இறங்கியதில் எத்தனை நாள் கூலி போனது என்று நோட்டில் குறிக்க ஆரம்பித்து, பாதியில் நிறுத்திவிட்டேன். எழுதவே கஷ்டமாக இருந்தது.

இரண்டாவது சீட்டு கொடுத்த நாளிலிருந்து ஓட்டையை அடைத்த நாள் வரை ஐந்து மாதம். அதில் மருத்துவமனையில் கழிந்தவை சில நாட்கள்தான். மற்றதெல்லாம் அலுவலக வாசல்கள். அதிலிருந்து நாங்கள் செய்த ஒரு மாற்றம்: ஜூன் மாதம் சேர்க்கையின்போதே குடும்ப அட்டையில் பிள்ளை பெயர் இருக்கிறதா என்று பார்க்கிறோம். இல்லையென்றால் அப்போதே சேர்க்கச் சொல்கிறோம். நோய் வந்தபின் ஓடுவதைவிட இது எவ்வளவோ சுலபம்.

பையன் நலமாக இருக்கிறான். கபடியில் சேர்த்துக்கொள்ளச் சொல்லி உடற்கல்வி சாரை நச்சரித்துக்கொண்டிருக்கிறான். டாக்டர் சொன்ன காலம் முடியட்டும் என்று அவர் காலண்டரில் வட்டம் போட்டுவைத்திருக்கிறார்.

வியாழக்கிழமை மாத்திரை

வாரம் ஒரு இரும்புச்சத்து மாத்திரை. ஆறாம் வகுப்புக்கு மேல் நீல நிறம், 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும். சின்ன வகுப்புகளுக்கு இளஞ்சிவப்பு, 45 மில்லிகிராம். எங்களுக்கு அது வியாழக்கிழமை. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59.1 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ஐந்தில் மூன்று பேர். எங்கள் எட்டாம் வகுப்பின் பெஞ்சைப் பார்த்தால் எனக்கு அந்தக் கணக்கு பொய்யாகத் தெரியவில்லை. நர்ஸ் இமையை இழுத்துப் பார்த்த பிள்ளைகள் பலருக்கும் உள்ளே வெளுப்பு.

மாத்திரைதான் வாராவாரம் கொடுக்கிறோமே, அப்புறம் ஏன்? விடை காம்பவுண்டுச் சுவருக்குப் பின்னால் கிடந்தது. மழை பெய்த மறுநாள் அங்கே போனேன். சுவரோரம் மண்ணில் நீலநீலமாகக் கரைந்திருந்தது. நாக்குக்கு அடியில் அடக்கிக்கொண்டு போய்த் துப்பியிருக்கிறார்கள்.

திட்டாமல் கேட்டதில் சொன்னார்கள். நாங்கள் காலை வழிபாட்டுக் கூட்டம் முடிந்ததும் கொடுத்துக்கொண்டிருந்தோம். பதிவேடு சீக்கிரம் முடியும் என்பதைத் தவிர அதற்கு வேறு காரணமே இல்லை. ஆறு முதல் எட்டு வரை படிக்கும் பெண் பிள்ளைகளில் பலர் காலையில் சாப்பிடாமல் வருகிறவர்கள். தங்கைக்குத் தலை பின்னி, தண்ணீர் பிடித்து வைத்துவிட்டு ஒரு டம்ளர் டீயோடு கிளம்புகிறவர்கள். 2022 செப்டம்பரில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரைதான். அதே பள்ளி, அதே அடுப்பு, தம்பி உப்புமா சாப்பிடுவான், அக்கா பார்த்துக்கொண்டு நிற்பாள். வெறும் வயிற்றில் இரும்பு மாத்திரை போட்டால் வயிறு பிசையும், குமட்டும். யார் விழுங்குவார்? போதாததற்கு, மாத்திரை போட்டால் மலம் கறுப்பாகப் போகும் என்று முன்கூட்டி யாரும் அவர்களிடம் சொல்லவில்லை. ஒருத்தி பயந்து அழுதிருக்கிறாள், அது வகுப்பு முழுக்கப் பரவியிருக்கிறது.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு என்று மாற்றினோம். திட்டத்தின் வழிகாட்டுதலே சாப்பிட்டபின் கொடு என்றுதான் சொல்கிறது. கறுப்பாகப் போவது இரும்பு வெளியேறுவதால், பயப்பட ஒன்றுமில்லை என்று நர்ஸ் நேரில் சொன்னார். சாப்பிட்டு ஒரு மணி நேரத்துக்கு டீ வேண்டாம், அது இரும்பை உடம்பில் ஒட்டவிடாது, நெல்லிக்காயோ எலுமிச்சையோ இருந்தால் நல்லது என்றும் சொன்னார். பள்ளிக்குப் பின்னாலேயே நெல்லி மரம் இருக்கிறது. இப்போது நானும் அவர்களோடு உட்கார்ந்து ஒரு மாத்திரை போட்டுக்கொள்கிறேன், எனக்கும் டாக்டர் எழுதிக்கொடுத்திருக்கிறார். அடுத்த மழைக்குப் பிறகு சுவருக்குப் பின்னால் போய்ப் பார்த்தேன். இரண்டு மூன்று கிடந்தன. முன்பு போல இல்லை.

குடற்புழு நீக்க மாத்திரையில் இந்தத் தொல்லை இல்லை. பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும், 400 மில்லிகிராம் அல்பெண்டசோல், மெல்லும் மாத்திரை, இனிப்பாக இருக்கும். ஓடி வந்து வாங்குவார்கள்.

பல்லைப் பற்றி ஒரு வார்த்தை. சீட்டுகளில் பாதிக்கு மேல் சொத்தைப் பல்தான். அவை அநேகமாக எங்கும் போகவில்லை. உயிர்போகிற வலி வந்தால் மட்டும் பிடுங்கக் கூட்டிப் போகிறார்கள். இதில் நாங்கள் தோற்றுவிட்டோம் என்றுதான் நோட்டில் எழுதியிருக்கிறேன்.

யார் வேலை?

ஓராண்டு நோட்டைப் புரட்டும்போது ஒன்று அப்பட்டமாகத் தெரிகிறது. யாராவது ஒருவர் கூடப் போன சீட்டு போய்ச் சேர்ந்தது. பையிலே போட்டு அனுப்பிய சீட்டு நின்றுவிட்டது. இரண்டுக்கும் நோயின் கடுமையில் வித்தியாசம் இல்லை, பெற்றோரின் பாசத்திலும் இல்லை.

கூடப் போக வேண்டியது யார்? டீம் டாக்டருக்கு அடுத்த நாள் அடுத்த பள்ளி. கிராம சுகாதார செவிலியருக்குக் கர்ப்பிணிகளும் கைக்குழந்தைகளும். எங்களுக்கு எமிஸ் என்ற கல்வித் துறை இணையதளத்தில் பதிவு, பாடம், தேர்வு. 2020-ல் வந்த பள்ளி நலவாழ்வுத் திட்டத்தில் பள்ளிக்கு ஓர் ஆசிரியர், ஓர் ஆசிரியை என இரண்டு பேரை நலத்தூதர்களாக வைக்கச் சொல்லியிருக்கிறார்கள். பாடம் எடுக்கப் பயிற்சி கொடுக்கிறார்கள், அது நல்லது. ஆனால் சீட்டைப் பின்தொடர்வது யாருடைய அன்றாட வேலைப் பட்டியலிலும் எழுதப்படவில்லை. நான் கேட்பது இதைத்தான்: ஐந்தாறு பள்ளிக்கு ஒரு செவிலியர், அவருக்கு ஒரு ஸ்கூட்டர், ஒரு போன். அவர் பார்க்க வேண்டியது எத்தனை பிள்ளைகளைப் பரிசோதித்தோம் என்பதை அல்ல, எத்தனை சீட்டு முடிந்தது என்பதை. நான் ஒரு நாள் லீவு போட்டுக்கொண்டு ஒரு பையனோடு போகலாம். முப்பது பேரோடு போக முடியாது. போனால் வகுப்பு காலி.

நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு சீட்டின் நகல் ஒட்டியிருக்கிறது. ஏழாம் வகுப்பிலேயே வேறொரு பெண். காதில் சீழ். வருஷக்கணக்காக வந்துகொண்டிருந்திருக்கிறது, பஞ்சை வைத்து அடைத்துக்கொண்டு வருவாள். செவிப்பறையில் ஓட்டை இருக்கலாம், கேட்கும் திறனைச் சோதிக்க வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். தேதி வாங்கினேன், பின்பக்கம் தமிழில் எழுதினேன், அம்மாவைப் பார்த்துப் பேசினேன், சரி டீச்சர் என்றார். பொங்கல் முடிந்து பள்ளி திறந்தபோது அவள் வரவில்லை. குடும்பத்தோடு கரும்பு வெட்டப் போய்விட்டார்கள். எந்த ஊர் என்று பக்கத்து வீட்டில் யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. மேஸ்திரியின் போன் நம்பர் ஒன்று கிடைத்தது, அது எடுக்கப்படவே இல்லை.

எமிஸில் அவள் பெயரைக் காமன் பூல் என்ற பொதுப் பட்டியலில் போட்டிருக்கிறோம். வேறு எந்தப் பள்ளியிலாவது சேர்த்தால் அவர்கள் அங்கிருந்து எடுத்துக்கொள்வார்கள், அப்போது எந்தப் பள்ளி என்று தெரிந்துவிடும், அந்தத் தலைமை ஆசிரியருக்குப் போன் செய்து காதைப் பற்றிச் சொல்லலாம். திங்கட்கிழமைதோறும் வருகைப் பதிவை ஏற்றியதும் தேடிப் பார்க்கிறேன். இந்தத் திங்கட்கிழமையும் அவள் பெயர் பூலிலேயே இருந்தது.